‘உம்’ கொட்ட ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீராத நோயோடும் உடல் குறைபாட்டோடும் வாழ்கிறவர்களைப் பற்றி நாளிதழ்களில் பெரும்பாலும் இரண்டு விதச் செய்திகள்தான் வருகின்றன. ஒன்று, வங்கிக் கணக்கு எண்ணோடு வரும் கண்ணீர்ச் செய்தி. இன்னொன்று, தடைகளைத் தகர்த்த சாதனைச் செய்தி. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டே மளிகைக் கடை நடத்துகிறவரும், முடக்குவாதத்தால் மடங்காத விரல்களோடு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவரும் இந்த இரண்டிலும் அடங்க மாட்டார்கள். அவர்களிடம் கதை கேட்க யாரும் போவதில்லை. போனாலும், கேட்கிற முறை தப்பாகிவிடுகிறது. கொங்குப் பகுதியில் இப்படிப்பட்டவர்களின் கதைகளைக் கேட்டுப் பதியும் வேலையில் இருக்கிறவர்கள் நாங்கள். மருத்துவமனை, கிளை நூலகம், கல்லூரி, சமுதாய வானொலி, நாளிதழ் எல்லாம் கைகோத்து இதைச் செய்ய முடியும். எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகும் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் கதை என்பதே இரண்டு பேர் வேலை. கொங்கு நாட்டார் காவியமான அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர் ஒருவர். அவர் விட்ட அடியை வாங்கிப் பின்பாட்டுப் பாடி, ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துகிறவர் இன்னொருவர். 1965-ல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் அந்தக் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிந்தபோதும் இந்த முறையில்தான் பாடினார்கள். வீட்டில் அப்பத்தா கதை சொன்னாலும் குழந்தை ‘உம்’ கொட்டவில்லையென்றால் கதை நின்றுவிடும். ஆனால் ‘உம்’ கொட்டுகிறவர் கதையைப் பிடுங்கிக்கொள்வதில்லை. அடுத்து எங்கே போவது, எங்கே நிறுத்துவது என்பது சொல்கிறவர் கையில் இருக்கிறது. நோயாளிக் கதைகளில் நாம் தொலைத்தது இந்த ஒன்றைத்தான். கேட்கப் போனவர்கள் கதையின் கயிற்றைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

முதலில் மருத்துவரின் அறையைப் பார்ப்போம். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்ற பயம்தான் காரணம். 2002-ல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் சராசரியாக 92 வினாடியில் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இரண்டு நிமிடமே போதுமானதாக இருந்தது. நம் அரசு மருத்துவமனை வரிசையில் இரண்டு நிமிடமும் பெரிதுதான். ஆனாலும் ஒன்றரை நிமிடம் காது கொடுத்தால் நோயே பிடிபடும் இடங்கள் உண்டு.

கோவை, திருப்பூர், கரூர் பக்கத்தில் அதற்கு எளிய எடுத்துக்காட்டு பஞ்சுத் தூசி. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும், அதைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு ஆரம்பத்தில் ஒரு தனி அடையாளம் உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். அடுத்தடுத்த நாள் தணியும். மேல்நாட்டில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொன்னார்கள். இங்கே வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறு இல்லை. ஷிப்டுக்கு ஷிப்டு, ஆளுக்கு ஆள் மாறும். ‘திங்கக்கெழமை எச்சா இருக்குதுங்களா?’ என்று கேட்டால் ‘இல்லீங்க’ என்றுதான் பதில் வரும். ‘லீவு முடிஞ்சு போற அன்னைக்கு எப்படி இருக்குதுங்க?’ என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். ‘மூச்சு வாங்குதா’ என்று மட்டும் கேட்டுவிட்டு ஆஸ்துமா என்று எழுதிவிட்டால், மருந்து ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், அவர் மறுபக்கம் அதே தூசியில் நின்றுகொண்டிருப்பார். நோய் முற்றினால் எல்லா நாளும் இறுக்கம் வந்துவிடும். அப்போது இந்த அடையாளமும் போய்விடும்.

வலியைச் சொல்லும் சொற்களும் அப்படித்தான். ‘மேலுக்குச் சரியில்லீங்க’ என்று தொடங்குகிறவரை இரண்டு நிமிடம் பேசவிட்டால் காந்தல், கடுப்பு, குத்தல், குடைச்சல், மதமதப்பு, இசிவு, விண்ணுவிண்ணென்று தெறிப்பது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். ‘ரவைக்கு உள்ளங்கால் காந்துது, செருப்பு கழண்டு போனதே தெரியல’ என்று சர்க்கரை நோயுள்ள ஒருவர் சொன்னால், நரம்பு கெடுகிறது என்ற செய்தி அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. அதைப் பதிகிறவர் ‘இரவில் கால் வலி’ என்று நல்ல தமிழாக்கி எழுதினால் இரண்டு செய்தியும் போச்சு. அதனால் எங்கள் முதல் விதி, சொன்ன சொல்லை மாற்றாதே. வட்டார வழக்கு அழகுக்காக இல்லை, மருத்துவத்துக்காகவே வேண்டும்.

கதை நோயைக் குணமாக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நிதானமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். 1999-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆஸ்துமா, முடக்குவாதம் உள்ளவர்கள் தங்கள் வாழ்வின் கடுமையான அனுபவத்தைத் தொடர்ந்து 3 நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதினார்கள். நான்கு மாதம் கழித்து, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட அவர்களுக்கு நோயின் கடுமை குறைந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே பலனைக் காட்டவில்லை. 2011-ல் அலபாமாவில் கறுப்பின நோயாளிகளிடம் இன்னோர் ஆய்வு நடந்தது. அதே ஊர், அதே மக்கள், தங்கள் ரத்தக்கொதிப்பைப் பற்றித் தாங்களே பேசிய காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மூன்று மாதத்தில் மேல் அளவு, காணொளி பார்க்காதவர்களைவிட 11 புள்ளி கூடுதலாக இறங்கியது. ஏற்கெனவே கட்டுக்குள் இருந்தவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை. நமக்குப் பயன்படும் குறிப்பு இதில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் நடிகரின் விளம்பரத்தைவிட, பக்கத்து ஊர்த் தறிக்காரர் ‘மாத்திரைய நான் எப்படி மறக்காம போடறேன்னா’ என்று சொல்வதுதான் ஈரோட்டுக்காரர் காதில் ஏறும்.

இனி வேலைக்கு வருவோம். கூட்டு என்றால் முதலில் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும். ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை ஆண்டு இருக்கும், யார் அழிப்பார்கள், வண்டிச் செலவு யாருடையது, கதை சொல்கிறவருக்கு அன்றைய கூலி யார் தருவது. இதை எழுதாமல் தொடங்கிய கூட்டு பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் முறியும். கூலி என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தறி ஓட்டுகிறவர் அரை நாள் உட்கார்ந்து பேசினால் அரை நாள் கூலி போகிறது. துணைக்கு வரும் மகளுக்கும் போகிறது. இரண்டையும் கொடுக்க வேண்டும். பேச்சுக்கு விலை வைப்பதாக யாரும் இதை நினைக்க வேண்டாம்.

யார் கேட்டு அழைப்பது என்பதில்தான் முதல் தப்பு நடக்கிறது. மருத்துவரோ நர்ஸோ கேட்கக் கூடாது. ‘உசுரக் காப்பாத்துன டாக்டரு கேக்கறாரு, எப்படிங்க மாட்டேன்னு சொல்றது’ என்ற நிலையில் கிடைக்கும் சம்மதம் சம்மதமே இல்லை. 2021 ஆகஸ்டு முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கு யார் வீட்டில் என்ன நோய் என்பது தெரியும். ஆனால் அவர்களிடம் பெயர்ப் பட்டியல் கேட்பது பெரிய தப்பு. ஒரு துண்டறிக்கையை மாத்திரையோடு கொடுக்கச் சொல்லலாம். விருப்பமுள்ளவர் தாமாகவே போன் செய்யட்டும். பத்து வீட்டுக்குக் கொடுத்தால் ஒன்றிரண்டு அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். பொறுமை இல்லாத கூட்டாளி இந்த இடத்திலேயே பட்டியலுக்கு ஆசைப்படுவார்.

அடுத்தது நேரம். நம் வசதிக்குப் பதினொரு மணிக்குப் போவதா, அவர் உடம்புக்கு ஏற்ற நேரத்தில் போவதா? முடக்குவாதம் உள்ளவருக்குக் காலையில் மூட்டு இறுகியிருக்கும், அது தளர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முற்பகல் பாதி கழிந்த பிறகு போக வேண்டும். பார்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை போடுகிறவர், போட்டு முக்கால் மணி, ஒரு மணி கழித்துத்தான் தெளிவாகப் பேசுவார். மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் போனால் குரலே எழும்பாது. டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை வேண்டவே வேண்டாம், ஆள் சக்கையாக இருப்பார். டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரம் சும்மாதானே படுத்திருக்கிறார் என்று சிலர் அங்கேயே மைக்கை நீட்டுகிறார்கள். பக்கத்துப் படுக்கைக்கு எல்லாம் கேட்கும், இயந்திரம் அலறும், ரகசியம் என்பதே இருக்காது. தலசீமியா உள்ளவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முந்தின நாள்கள் அசதியான நாள்கள். முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், புண் வராமலிருக்க, பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி அழுத்தத்தை மாற்ற வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் அவர் அதை மறந்தால் பொறுப்பு கேட்கிறவருடையது. கடிகாரத்தை அவர் பார்க்கக் கூடாது, நாம் பார்க்க வேண்டும். மலையேறி நீலகிரிக்குப் போனால் அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். குளிரும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அந்த நோயில் வலியைக் கிளப்பும். மார்கழிக் காலையில் திண்ணையில் உட்கார வைத்துக் கதை கேட்பது அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வேலை.

உபசாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் இளநீர் வெட்டுவோம். கதை கேட்கப் போகிறவர்களும் மரியாதைக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத்துக்கே ஆபத்து. டீ, மோர்கூட நாளுக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்ற அவருடைய கணக்கில் சேரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவரைச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் பேச வைத்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். எதைக் கொண்டுபோகலாம் என்று முந்தின நாளே போனில் கேட்டுவிடுவது மேல்.

முடிந்தவரை வீட்டுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருகிறவருக்கும் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்பது உண்மைதான். ஆனால் படியேற முடியாத பஸ்ஸில் இலவசம் எதற்கு? பொது இடத்தில் கூடுவதென்றால் சாய்தளம் 1:12 கணக்கில் இருக்க வேண்டும். ஓரடி உயர வாசலுக்குப் பன்னிரண்டடி நீளம். பல மண்டபங்களில் நான்கடிப் பலகையைச் சாய்த்து வைத்துச் சாய்தளம் என்கிறார்கள். அதில் நாற்காலி பின்னால் கவிழும். கழிவறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். போக முடியாத கழிவறை இருக்கும் இடத்துக்கு வருகிறவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள்.

பதிவுக்குச் செல்போன் போதும். மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைக்க வேண்டும். வெறும் மேசையில் வைத்தால் கை பட்ட ஓசையெல்லாம் இடியாக விழும். ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். பக்கத்து வீட்டுத் தறி ஓடாத நாளை விசாரித்துக்கொண்டு போவதுதான் ஒரே வழி. முப்பது வினாடி பதிந்து, போட்டுக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ஒரு அமர்வு நாற்பது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆகப் பதிந்தால் நாற்பது நிமிடத்துக்கு 38 எம்பிதான் ஆகும். அன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, கோப்புக்கு எண் மட்டும் கொடுங்கள், பெயர் வேண்டாம். எண்ணுக்கு உரிய பெயர் வேறொரு நோட்டில், வேறொருவர் கையில் இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். கல்லூரி மாணவர்களைச் சேர்க்கும்போது இந்தக் கணக்கை முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பதிவு மலையாகக் குவியும், எழுத்து ஒன்றும் வராது.

கேள்வி நான்கு போதும். ‘நோவு எப்ப வந்துச்சு’ என்று தொடங்காதீர்கள். அதற்கு ஆஸ்பத்திரி ஃபைலைத்தான் எடுத்து வைப்பார். ‘நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க?’ என்று கேளுங்கள். சட்டைப் பட்டன் போட எத்தனை நிமிடம், பாத்திரம் கழுவ எங்கே சாய்ந்துகொள்வது, எந்த மாத்திரையைக் காசில்லாமல் விட்டது எல்லாம் அதில் வரும். ‘முன்னால இதே வேலைய எப்படிப் பண்ணுனீங்க?’ இரண்டாவது. ‘மத்தவங்களுக்கு என்ன தெரியோணும்?’ மூன்றாவது. நான்காவதுதான் முக்கியம்: ‘இதுல எதை எழுத வேண்டாம்?’

வீட்டார் குறுக்கே பேசுவது எல்லா வீட்டிலும் நடக்கும். ‘அவருக்குச் சொல்ல வராதுங்க, நான் சொல்றேன்’ என்று அம்மாவோ மனைவியோ தொடங்குவார்கள். அவர்களைத் தடுக்கக் கூடாது, ஒதுக்கவும் கூடாது. பார்த்துக்கொள்கிறவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது, பல நேரம் அதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். தனி நாளில், தனி அறையில், தனிச் சம்மதத்தோடு அதையும் பதியுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

பேச வராதவர்களிடம் கதை இல்லை என்று நினைப்பதுதான் பெரிய அநியாயம். பக்கவாதத்தில் பேச்சு போனவருக்குப் பெரும்பாலும் புத்தி தெளிவாகவே இருக்கும், சொல்தான் அகப்படாது. மூன்று அட்டை வேண்டும்: ஆமா, இல்லை, தெரியல. ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து வினாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பதிலை எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. முக்கியமான சொல்லைக் கொட்டை எழுத்தில் வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டலாம். பழைய புகைப்படத்தையும், ஊரின் வரைபடத்தையும் விரித்து வைத்தால் விரல் போய் நிற்கும் இடம் ஒரு வாக்கியம். பேச வராதவர்களில் சிலர் மனப்பாடப் பாட்டைத் தடங்கலின்றிப் பாடுவார்கள். அதைக் கேட்டுவிட்டு ‘நல்லாத்தானே பேசறாரு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காது கேளாதவர்களின் கதையைக் காணொளியில்தான் எடுக்க வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் வெளி ஆளாக இருக்கட்டும். வீட்டு ஆளே மொழிபெயர்த்தால் வீட்டைப் பற்றிய வருத்தம் வெளியே வராது. கேள்வி கேட்கிறவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது.

ஆறு முதல் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து சொல்லும் கதை வட்டமும் உண்டு. ஒன்றரை மணி நேரம் போதும், ஆளுக்கு ஆறேழு நிமிடம். அதற்கு ஒரே விதிதான்: யாரும் வைத்தியம் சொல்லக் கூடாது. அன்பு மிகுந்த நம் மக்களால் கடைப்பிடிக்க மிகவும் கஷ்டமான விதி இதுதான். ஒருவர் வாய் திறந்ததும் பாகற்காய்ச் சாறு, அந்த ஊர் வைத்தியர், இந்தக் கோயில் வேண்டுதல் என்று நாலா பக்கமிருந்தும் வந்து விழும். சொன்னவர் அத்தோடு வாயை மூடிக்கொள்வார். யோசனையெல்லாம் டீ நேரத்தில், அதுவும் அவர் கேட்டால் மட்டும்.

பேசிவிட்டு உடைந்து அழுகிறவர்கள் உண்டு. அழுகை தப்பில்லை, அழ வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் தப்பு. பதிவை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், மாடு கன்று பற்றிப் பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விட்டு வராதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, மாநிலத்தின் சுகாதார உதவி எண் 104, இரண்டும் எந்நேரமும் பேசக்கூடிய எண்கள். மறுநாள் ஒரு போன் கட்டாயம்.

பத்து நாளுக்குள் எழுதியதைக் கொண்டுபோய் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இங்கேதான் கயிறு மறுபடி அவர் கைக்குப் போகிறது. ‘இது நான் சொன்னதுதான், ஆனா வேண்டாமுங்க’ என்றால் அடித்துவிட வேண்டும். சம்மதம் மூன்று முறை: பதிவுக்கு முன், படித்துக் காட்டியபின், அச்சுக்கு முன். கைநாட்டு வைக்கிறவருக்குச் சாட்சியாக மருத்துவமனை ஆளும் வீட்டாளும் இருக்கக் கூடாது. அச்சானபின் திரும்பப் பெற முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தூய பிரதி ஒன்று பதினாறு புள்ளி எழுத்தில் அவருக்கு, கண் தெரியாதவரென்றால் ஒலியாக. சாகும் தறுவாயில் உள்ளவர்களின் கதையைப் பதிந்து, திருத்தி, குடும்பத்துக்குக் கொடுக்கும் முறையைக் கனடாவில் சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர் 2005-ல் ஆய்வாக வெளியிட்டார். அதிலும் அடிப்படை, எழுதியதைச் சொன்னவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான். எங்களைக் கேட்டால், அச்சில் வராமல் அந்த ஒரு பிரதியோடு நின்றுவிட்டாலும் வேலை வீணில்லை.

பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். கொங்கு கிராமத்தில் ஊர், தொழில், எத்தனை பிள்ளை என்ற மூன்றும் போதும், அடுத்த சந்தைக்குள் யாரென்று தெரிந்துவிடும். இரண்டையாவது மாற்ற வேண்டும். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வரியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவை 2019-ல் எடுத்தார்கள். சட்டம் எடுத்தாலும் ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் எடுக்கவில்லை. அண்ணனுக்கு வலிப்பு என்று அச்சில் வந்தால் தங்கையின் கல்யாணம் தட்டிப்போகிறது. அதனால் தங்கையிடமும் ஒரு வார்த்தை கேட்பது நியாயம். எச்ஐவி உள்ளவரென்றால் அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவரின் விவரத்துக்கும் அதே ஆண்டின் மனநலச் சட்டத்தில் காப்பு உண்டு.

உங்களிடம் நாங்கள் கேட்பது, மாதம் இருமுறை நானூறு சொல்லில் ஒரு பத்தி. அதில் வங்கிக் கணக்கு எண் வேண்டாம். கதைக்கும் நன்கொடைக்கும் ஒரே பக்கத்தில் இடம் கொடுத்தால், கண்ணீர் வரவழைக்கிற பகுதி மட்டும்தான் மிஞ்சும். உதவி கேட்கும் செய்தி தேவைதான், அது வேறு பக்கத்தில் வரட்டும். படம் எடுத்தால் நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காமல் அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுக்கச் சொல்லுங்கள். சாதனையாளர் கதையிலும் கவனம் வேண்டும். ‘அவங்களால முடியுது, உனக்கென்ன’ என்ற பேச்சு அன்று மாலையே பல வீடுகளில் கேட்கும். மலையேறினார் என்று எழுதும்போது, தாலுகா ஆபீசின் படியை ஏன் அவரால் ஏற முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். சேலத்தில் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்துகொண்டே வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். தங்கள் கதையைத் தாங்களே சொன்னவர்கள் அவர்கள். அந்த இடத்தில் எழுதுகிறவர் ஒதுங்கி நிற்பதுதான் முறை.

சொற்களுக்கும் வருவோம். ‘சக்கர நாற்காலியில் முடங்கினார்’ என்று எழுதுகிறீர்கள். அவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதே அந்த நாற்காலிதான். காக்கா வலிப்பு, ஊமை, செவிடு, பைத்தியம் போன்றவை தலைப்பில் இன்னும் எட்டிப் பார்க்கின்றன. வலிப்பு நோய், பேச இயலாதவர், காது கேளாதவர், மனநோய் உள்ளவர் என்று எழுதினால் இரண்டு எழுத்துக் கூடும், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளைக் காட்சிப்படுத்துவது பற்றி 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல், இழிவாக ஒலிக்கும் சொற்களைத் தவிர்க்கவும், அவர்களையும் ஆக்கத்தில் பங்கேற்க வைக்கவும் சொல்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92-ம் பிரிவு கூறுகிறது. அந்தச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் பார்கின்சன், தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோயும் உண்டு. பார்த்தால் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பத்தி அதிகம் பயன்படும். ‘பாத்தா நல்லாத்தான இருக்கறீங்க’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்தவர்கள் அவர்கள்.

ஒரு கதையில் ‘இதைச் சாப்பிட்டுச் சர்க்கரை போயே போச்சு’ என்று வந்தால் அதை நிறுத்தி வையுங்கள். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் குணமாகும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கதை என்ற பெயரில் அது உள்ளே நுழையும். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு, அதைப் படித்துவிட்டு இன்சுலினை நிறுத்தினால், சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரும்.

கடைசியாகத் தலைப்பு. எத்தனை கவனமாகப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினாலும், இரவு ஒன்பது மணிக்குச் செய்தி டெஸ்கில் வைக்கும் தலைப்பு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிறது. ‘நோயின் கோரப்பிடியில்’ என்ற இரண்டு சொல் வந்து விழும், உள்ளே அவர் அப்படிச் சொல்லியே இருக்க மாட்டார். பத்தி வரும் நாளுக்கு முந்தின நாள் மாலைக்குள் தலைப்பையும் படக்குறிப்பையும் முடிவு செய்து, அவருக்குப் போனில் படித்துக் காட்ட உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆளை ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இணையப் பதிப்புக்கு வேறு தலைப்பு வைத்தால் அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கதை பதிவுப் பணியில் உள்ள தன்னார்வலர்கள்,
கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல்